மூன்றாம் தவணை

ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம்
எப்போதும் அடுத்த தாளோடு ஒட்டிக்கொண்டே வரும்.
எச்சில் தொட்டுப் பிரிக்க வேண்டும்.
'அரசு நிதி பெறும் எந்தப் பயிற்சியிலும்
பயனாளிகளிடையே வேறுபாடு காட்டலாகாது.'
மூன்றே வரி.
அடியில் நிறுவனத்தாரின் நீலக் கையெழுத்து,
படிக்காமல் போட்ட வேகத்தில் வால் நீண்டு.

காசிமேட்டிலிருந்து ஒரு மனு வந்தது,
கணக்கு நோட்டில் கிழித்த தாள்.
'ம. ரோசாலி, வயது இருபத்து மூன்று.
கம்ப்யூட்டர் கணக்கு வகுப்பு கேட்டேன்.
அது மாடியில் நடக்கிறதாம்.
கீழே மெழுகுவர்த்தி வகுப்பில் பெயர் எழுதிக்கொண்டார்கள்.
எனக்கு மெழுகுவர்த்தி வேண்டாம்.'
கடைசி வரிக்கு அடியில் கோடு.
இரண்டு முறை இழுத்ததில் தாள் கிழிந்திருந்தது.

ஆய்வுக்குப் போனேன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தது;
எண்ணெய் வேகன் ஐம்பத்திரண்டு எண்ணினேன்.
தண்டையார்பேட்டைக் கட்டடத்தில் படி பதினேழு.
"நாலு பசங்க சேர்ந்து தூக்கிட்டுப் போறோம்னு
சொன்னோமே மேடம், அதுக்கும் ஒத்துக்கல"
என்றார் மேலாளர், மனம் புண்பட்டவராக.
(ரோசாலி பிறகு சொன்னாள்:
"டெய்லி தூக்கிக்கினு சுத்த நான் இன்னா சப்பரமா?")

சாய்தளம் கோப்பில் இருந்தது.
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய்,
ரசீதோடு, போட்டோவோடு.
போட்டோவில் சாய்தளத்துக்குப் பின்னால் ஒரு தென்னை.
அந்தத் தெருவில் தென்னையே கிடையாது.
ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு,
மணலிப் புகை உண்டு.

'மூன்றாம் தவணை நிறுத்தி வைக்கப்படுகிறது.'
தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு
அன்றிரவு நன்றாகத்தான் தூங்கினேன்.

அடுத்த வாரம் நஸ்ரின் வந்தாள், எர்ணாவூரிலிருந்து.
இருபத்தாறு பேருக்கும் பயணப்படி நின்றுவிட்டதாம்.
"அவங்க பண்ண தப்புக்கு
எங்க பஸ் காசுதான் கெடச்சுதா மேடம்?"
மின்விசிறியைப் பார்த்தேன்.
பதினோராம் பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை.

அவர்களில் ஆறேழு பேர்
வலை காயும் சந்து தாண்டி ரோசாலி வீட்டுக்கே போனார்கள்.
மனுவைத் திரும்ப வாங்கு, எங்களுக்காக.
"வாங்கிக்கிறேன்" என்றாளாம்.
"வாங்கிட்டா படி கீழ எறங்கி வந்துருமா?"
யாரோ அழுதார்கள். யாரோ திட்டினார்கள்.
டீ வந்தது.

சனிக்கிழமை காலை
அந்த இருபத்தாறு பேரில் பதினான்கு பேர்
பன்னிரண்டு கம்ப்யூட்டர்களைத்
துப்பட்டாவில் சுற்றிக் கீழே இறக்கினார்கள்.
மெழுகு அச்சுகளை மாடிக்கு ஏற்றினார்கள்.
வாசல் படிக்கு மீன்பெட்டிப் பலகை.
மொத்தம் இரண்டரை மணி நேரம்.
யாரும் ஆணை பிறப்பிக்கவில்லை.

மேலாளர் போன் செய்தார், குரலில் பாயசம்.
"பிரச்சினை தீந்துது மேடம், தவணைய விட்ருங்க."
பயணப்படியை மட்டும் தனியே விடச் சொல்லி
அன்றே குறிப்பு வைத்தேன்.
"மீதிக்கு அந்தத் தென்னை மரம் எங்க சார் இருக்கு?"
போன் வெகுநேரம் மூச்சு விட்டது.

வாக்குமூலம் கொடுக்க ரோசாலி வந்தாள்,
அரசு கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டரில்.
எங்கள் அலுவலகத்துக்குப் படி ஒன்பது.
இருபத்தோரு வருடமாக ஏறுகிறேன்,
அன்றுதான் எண்ணினேன்.
கோப்போடு நான்தான் இறங்கிப் போனேன்.
அவள் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினேன்,
வெயில் எழுத்தைத் தின்ன.

கையெழுத்துப் போடுமுன் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.
"இந்த ஆபீசுக்குத் தவணைய யாரு மேடம் நிறுத்துவாங்க?"

அதையும் எழுதவா என்று கேட்டேன்.
எழுதுங்க என்றாள்.
ஏழாவது வரியில் இருக்கிறது.
கோப்பு மேலே போய்த் திரும்பி வந்தது.
அந்த வரிக்கு நேரே, ஓரத்தில்,
பச்சை மையில் ஒரு சொல்:
'பார்த்தேன்.'